இடக்கண் செல்லாது

டாகுவரெம்போ
ஏப்ரல் 20, 1998

நீபியா அக்காவுக்கு,

இனிமேல் போன் செய்யாதே. நேற்று நீ கூப்பிட்டபோது நான் வீட்டில்தான் இருந்தேன். "அவரு வெளியில போயிருக்காரு அண்ணி" என்று கட்டின புருஷனுக்காகச் சுல்மா உன்னிடம் சொன்னது பொய். நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவளைத் திட்டாதே. என் பேச்சு இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இரண்டு உதடும் சேர வேண்டிய இடத்தில் காற்று போகிறது. நேரில் என்றால் முகத்தைப் பார்த்து ஆட்கள் ஊகித்துக்கொள்கிறார்கள். போனில் அந்தக் காற்று மட்டும்தான் கேட்கும். இந்த ஊர்ச் சந்தையில் பதினேழு வருஷம் மாட்டு ஏலம் கூவிய வாய் இது. கடைசி வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பி ஒரு நொண்டிக் காளையை வாங்க வைத்த வாய். அது புஸ் புஸ் என்று பேசுவதைக் கேட்க எனக்கே பொறுக்கவில்லை. காகிதத்தில் வாய் கோணுவது தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

எழுதுகிறேன் என்பதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

போன அக்டோபரில் அந்த எருது பட்டிக் கதவை முட்டி, கதவு என் காதுக்குப் பின்னால் அடித்தது உன் குற்றமில்லை. மோண்டேவிடியோவுக்கு என்னை அழைத்துப் போனவள் நீ. டாக்டரைப் பிடித்தவள் நீ. எலும்புக்குள் அறுந்துபோன முக நரம்புக்கு என் கெண்டைக்காலிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுப் போட வைத்தவளும் நீ. அதற்கெல்லாம் நன்றி சொல்லியாகிவிட்டது, இன்னொரு தடவையும் சொல்கிறேன். ஆனால் ஜனவரி 29ஆம் தேதி உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை மறக்க மாட்டேன். மாதாமாதம் 29ஆம் தேதி எல்லா வீட்டிலும் செய்வது போல அன்றைக்கு நீயும் ஞோக்கி செய்திருந்தாய். உன் ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் இரண்டு பேரை வேறு கூப்பிட்டிருந்தாய். உருளைக்கிழங்கு உருண்டை ஒன்று கன்னத்துக்குள் மாட்டிக்கொண்டு, குழம்பு என் தாடையில் வழிகிறது. நீ என்ன செய்தாய்? உள்ளே போய் வீடியோ கேமராவை எடுத்து வந்தாய். "யமாண்டு, கன்னத்த உப்பு. இப்ப உதட்டக் குவி. இப்ப கண்ண மூடு." அந்த இரண்டு பேரில் தாடிக்காரன் தலையை ஆட்டி ஆட்டி, "அருமையான கேஸுங்க இது" என்கிறான். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பேருந்து நிலையத்துக்குப் போனது அதனால்தான்.

உன் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளுக்கு எல்லாம் எண் போட்டிருப்பாய். எனக்கு என்ன எண் போட்டாய், சொல்.

இங்கே நிலவரம் இதுதான். மாத்தே டீ குடிப்பதென்றால் உலோகக் குழலை வலப்பக்க உதட்டில் வைத்து, இடப்பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச வேண்டியிருக்கிறது. இடக்கண் மூடுவதில்லை, படுக்கும்போது சுல்மா பிளாஸ்திரி ஒட்டி மூடுகிறாள். ஏலக் கொட்டகை முதலாளி டான் எலாடியோ வந்து பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அக்டோபர் பெரிய சந்தை வரைக்கும் மேடை ஒனக்காகக் காத்திருக்கும். அதுக்கு மேல என் கையில இல்லப்பா." அதுவரை அவர் மருமகன் கூவுகிறான். அவன் கூவினால் மாடே கொட்டாவி விடுகிறது.

அக்டோபர், அக்கா. எனக்கு வேறு தொழில் தெரியாது.

யமாண்டு


மோண்டேவிடியோ
மே 3, 1998

தம்பி,

உனக்கு எண் போடவில்லை. கேமரா விஷயத்தில் தப்பு என்னுடையது. உன்னைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும், அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கவே கூடாது. இது மூன்றாவது தாள். முதல் இரண்டில் என் பக்க நியாயத்தை எழுதினேன், படித்துப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாய் பார், அந்தக் கதவின் கொண்டி இன்னும் சரியாக விழவில்லை.

இப்போது கேள். நீ அவசரக்காரன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அடங்குவாய்.

டாக்டர் தைத்தது நரம்பின் உறையை மட்டும்தான். அறுந்த இடத்துக்கு அப்பால் இருந்த இழைகள் செத்துப்போயின. உறையும், அதற்குள் வரிசையாக இருக்கும் ஷ்வான் என்ற துணைச் செல்களும்தான் மிச்சம். மூளைப் பக்கத்திலிருந்து புது இழைகள் கிளம்பி அந்த உறைக்குள் நடந்துகொண்டிருக்கின்றன. நிஜமாகவே நடைதான். இழையின் நுனி ஒரு செல்லைப் பற்றுகிறது, தன்னை முன்னால் இழுத்துக்கொள்கிறது, பிடியை விடுகிறது, அடுத்ததைப் பற்றுகிறது. அப்படிப் பற்றுவதற்குச் செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிகள்தான் ஒட்டு மூலக்கூறுகள். இத்தனை வருஷமாக நான் கட்டிக்கொண்டு மாரடிப்பது அவற்றோடுதான். நீ கேட்கும்போதெல்லாம் "புரதம்" என்று சொல்லி உன்னைத் தள்ளிவிட்டிருக்கிறேன், அதுவும் என் தப்புதான். அந்தப் பிடி இல்லாவிட்டால் இழை கிளம்பின இடத்திலேயே சுருண்டு கிடக்கும்.

நல்லபடியாகப் போனால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் நடக்கும். அதற்கு மேல் அதைத் துரத்த முடியாது. நீ கத்தினாலும் நடக்காது, நான் கத்தினாலும் நடக்காது.

நீ செய்ய வேண்டியது: உன் விரலால் இடக்கன்னத்தையும் உதட்டையும் தினமும் மெதுவாக நீவிவிடு. சிரிக்காதே. எலிகளுக்கும் இதைத்தான் செய்கிறேன், உட்கார்ந்து அவற்றின் மீசையை முன்னும் பின்னும் தடவிக் கொடுக்கிறேன். தடவிக் கொடுத்த எலிகள் தேறுகின்றன, சும்மா விட்டவை அவ்வளவாகத் தேறவில்லை. முழு பலத்தையும் போட்டு முகத்தைக் கோணலாக்கிப் பயிற்சி செய்யாதே. சின்னச் சின்ன அசைவு போதும். எவனாவது மின்சாரப் பெட்டியைக் கொண்டுவந்து முகத்தில் வைக்கிறேன் என்றால் விரட்டிவிடு.

இன்னொரு விஷயமும் எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம். முதலில் அசையட்டும்.

சுல்மாவைக் கேட்டதாகச் சொல். அவளைப் பொய் சொல்ல வைக்காதே, அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. "வெளியில போயிருக்காரு" என்று சொல்லும்போது பின்னால் நீ இருமுவது கேட்டது.

நீபியா


டாகுவரெம்போ
ஜூன் 21, 1998

அக்கா! அக்கா! அக்கா!

அசைந்துவிட்டது!

வியாழக்கிழமை காலை, ஜூன் மாதக் குளிரில் பனி விழுந்து பட்டியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. நாய் பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. "முலீத்தா!" என்று ஒரு சத்தம் போட்டேன். இடப்பக்க உதட்டோரத்தில் புழு நெளிகிற மாதிரி ஏதோ ஓடியது. பயந்துபோனேன். சுல்மாவைக் கூப்பிட்டேன். அவள் மாவுக் கையோடு வந்து, மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி நின்று பார்த்தாள். "மறுபடி கூப்புடுங்க." கூப்பிட்டேன். "இன்னொரு தடவ." கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். நாய்க்கு ஒன்றும் புரியவில்லை, ஓடி ஓடி வந்து நின்றது. சுல்மா மாவுக் கையாலேயே என் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உன் நடைக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள் அக்கா. காதிலிருந்து உதடு வரை. நான் திட்டினதை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கேமராவைத் தவிர.

இப்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். மாட்டுக் கொட்டிலில் போய் நின்றுகொண்டு முழு ஏலத்தையும் கூவுகிறேன், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கறவைப் பசு இரண்டும்தான் வாங்குகிறவர்கள். நேற்றைக்கு "பத்து" என்று சொன்னபோது காற்று போகவில்லை! சின்ன அசைவு போதும் என்று நீ எழுதினதைப் படித்தேன். சின்ன அசைவுக்கு எல்லாம் எனக்கு நேரமில்லை. அக்டோபர் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு வேடிக்கை சொல்ல மறந்தேன். ஞாயிற்றுக்கிழமை சுல்மாவின் அண்ணன்கள் வந்தார்கள், விலா எலும்புக் கறி சுட்டோம். முதல் துண்டை மெல்ல ஆரம்பித்தேன், இடக்கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. சும்மா கசிவு என்று நினைக்காதே, தாரை தாரையாகக் கொட்டுகிறது. வலது கண் காய்ந்து கிடக்கிறது. பெரியவன் எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டான். "அழுங்க மாப்ள, நல்லா அழுதுடுங்க. எட்டு மாசமா உள்ளயே வெச்சிருக்கீங்க." நான் அழவில்லை என்று சொல்லச் சொல்ல, வாயில் கறி இருக்கிறதே, இன்னும் கொட்டுகிறது. கடைசியில் அவனும் அழுதுவிட்டான். இது என்ன, புகையா?

யமாண்டு


மோண்டேவிடியோ
ஜூலை 5, 1998

தம்பி,

உன் கடிதத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன். முதல் பக்கத்தில் நானும் அழுதேன். இரண்டாம் பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அது புகை இல்லை.

உமிழ்நீர் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகளும், கண்ணீர் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகளும் நீ அடிபட்ட அந்த எலும்பு இடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. திரும்ப வளரும்போது சில வழி மாறிவிட்டன. சாப்பிட்டால் வாயில் எச்சில் ஊற வேண்டும் என்று உத்தரவு வருகிறது. அந்த உத்தரவு இப்போது உன் கண்ணுக்குப் போகிறது. கண் என்ன செய்யும் பாவம், அதற்குத் தெரிந்ததைச் செய்கிறது.

மே மாதம் எழுதாமல் விட்ட விஷயம் இதுதான். அப்போதே சொல்லியிருந்தால் நீ கன்னத்தைத் தொடாமல் கட்டிலில் படுத்துவிடுவாய் என்று பயந்தேன். பயந்தது தப்பு. சொல்லியிருக்க வேண்டும்.

பிடி இல்லாவிட்டால் இழை நடக்காது என்று எழுதினேன் அல்லவா. பிடி அதிகமானாலும் கெடுதல். இழைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டமாகப் போய்விடுகின்றன. முன்னால் போகிறவன் எந்தத் தெருவில் நுழைந்தானோ அந்தத் தெருவிலேயே எல்லாரும். அந்த ஒட்டு மூலக்கூறு ஒன்றின்மேல் சர்க்கரைச் சங்கிலி ஒன்று படர்ந்திருக்கும்போதுதான் பிடி தளர்கிறது, இழைகள் பிரிந்து அவரவர் வீட்டைத் தேடுகின்றன. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும், அந்தக் கணக்கைத்தான் நாங்கள் எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறோம். கண்டுபிடித்தபாடில்லை. என் எலிகளில் எந்த எலிக்கும் எல்லா இழையும் சரியான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. மீசையை நுணுக்கமாக அசைக்க வேண்டிய எலி, முகத்தையே மொத்தமாக ஒரு ஆட்டு ஆட்டுகிறது.

கண்ணீர் போனால் போகட்டும், கைக்குட்டை வைத்துக்கொள். எனக்குப் பயம் வேறு. கண்ணாடி முன்னால் நின்று மெதுவாக உதட்டைக் குவித்துப் பார். இடக்கண் அதோடு சேர்ந்து மூடுகிறதா? மூடினால் எனக்கு உடனே எழுது. உதட்டையும் கண்ணையும் பிரித்துப் பழக்கப் பொறுமையாக ஒரு வழி இருக்கிறது, கொட்டிலில் நின்று கத்துவது அந்த வழி இல்லை. கத்தக் கத்த அந்தக் கூட்டு இன்னும் இறுகிப்போகும்.

நான் வந்து பார்க்கும் வரை மேடை ஏறாதே. கெஞ்சிக் கேட்கிறேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

நீபியா


டாகுவரெம்போ
ஆகஸ்ட் 23, 1998

அக்கா,

ஏறிவிட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் சந்தையில் டான் எலாடியோவின் மருமகனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "கடைசிக் கொஞ்ச நேரம் நின்னு பாக்கறியா?" என்று கேட்டார். விடுவேனா! சுத்தியலைக் கையில் வாங்கினதும் பத்து மாசம் காணாமல் போனது. குரல் வந்தது. "பத்து" வந்தது, "முப்பது" வந்தது, எல்லாம் வந்தது. மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. ஆட்கள் கைதட்டினார்கள்.

கொட்டகை வழக்கம் உனக்கு மறந்திருக்கும். பெரிய பண்ணைக்காரன் எவனும் கையைத் தூக்கி விலை கேட்க மாட்டான், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தால் போட்டி வந்துவிடும். தொப்பி விளிம்பைத் தொடுவான், மாத்தேக் குடுவையைக் கை மாற்றிப் பிடிப்பான். அது எனக்கு மட்டும் தெரியும். பதிலுக்கு நான் ஒரு கண்ணைச் சிமிட்டினால், "உன் விலைதான் இப்போது மேலே நிற்கிறது, சும்மா இரு" என்று அர்த்தம். அந்தச் சிமிட்டல் எழுதிக் கொடுத்த மாதிரி. அதை நம்பித்தான் இந்தச் சந்தை நடக்கிறது.

நல்ல கிடேரிகள் வந்தன. இடப்பக்க வரிசையில் பண்ணைக்காரன் சிரிலோ பிந்தோஸ் தொப்பியைத் தொட்டான். வலப்பக்கம் ஒரு பிரேசில்காரர் கேட்டார். விலை ஏறிக்கொண்டே போனது. சிரிலோ திடீரென்று நிறுத்திவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, திருப்தியாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். சரி, அவனுக்குப் போதும்போல என்று நினைத்தேன். பிரேசில்காரருக்குச் சுத்தியலைத் தட்டினேன்.

சிரிலோ எழுந்தான். "டேய், எனக்குத்தானடா கண்ணடிச்ச!"

அவனுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தன் எழுந்தான். "எனக்கும்தான் அடிச்சான்." அப்புறம் மூன்றாவது ஆள். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரே மாட்ட எத்தன பேருக்குடா வித்த?" "யாருகிட்ட என்ன வாங்கின?" நான் சத்தியமாக யாருக்கும் கண்ணடிக்கவில்லை என்று கத்துகிறேன். கத்தும்போது, அக்கா, கண் சிரிலோவைப் பார்த்து மூடுகிறது. "பாத்தீங்களா, இப்பவும் அடிக்கிறான்!" நான் பேசப் பேச அது மூடிக்கொண்டே இருக்கிறது. வாயை மூடினால்தான் நிற்கிறது. வாயை மூடினால் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிறது.

டான் எலாடியோ மேடை ஏறி என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார். எல்லார் முன்னாலும்.

கண்ணாடியில் பார் என்று நீ எழுதியிருந்தாய். பார்க்கவில்லை. எனக்கும் கண்ணாடிக்கும் பேச்சு நின்று பத்து மாசமாகிறது. சுல்மா பார்த்திருக்கிறாள். தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்து, வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டாளாம். இப்போது உட்கார்ந்து அழுகிறாள்.

நரம்பு வந்துவிட்டது அக்கா. வந்து என்னைத் திருடனாக்கிவிட்டது. அறுந்த கம்பி அறுந்ததாகவே இருந்திருந்தால் ஊரில் என்னைப் பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள். பதில் எழுதாதே.

யமாண்டு


மோண்டேவிடியோ
ஆகஸ்ட் 30, 1998

எழுதுவேன்.

நீ திருடனில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி உன் கொட்டகை வாசலில் ஒட்ட வேண்டும் போலிருக்கிறது. கோபம் கோபமாக வருகிறது, சிரிலோ மேல், டான் எலாடியோ மேல், உன் மேல், எல்லாரையும்விட என் மேல். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான். கண்ணாடி பார்த்திருக்க வேண்டியவன் நீ. நம் இருவருக்கும் புத்தி ஒரே அச்சு.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், பல்கலைக்கழக முத்திரையோடு. முக நரம்பு அறுந்து திரும்ப வளர்ந்தவர்களுக்கு வாய் அசையும்போது கண் தானாக மூடும், அதில் அவர்கள் விருப்பம் எதுவும் இல்லை என்று எழுதி, டாக்டரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். டான் எலாடியோவிடம் கொடு.

அது போதாவிட்டால் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்தப் படம். ஜனவரியில் உன் இடப்பக்க முகத்தில் ஒன்றுமே அசையவில்லை என்பது அதில் இருக்கிறது. இப்போது இன்னொரு படம் எடுத்தால் இரண்டையும் சேர்த்துச் சந்தைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டலாம். கண்ணால் பார்த்தால் நம்புவார்கள். உன்னைக் கேட்காமல் இந்தத் தடவை எதுவும் செய்ய மாட்டேன்.

சரியாகுமா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கண்ணாடி முன்னால், மெதுவாக, உதட்டைக் குவிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்துப் பழகினால் ஓரளவு பிரியும். முழுக்கப் பிரியுமா, தெரியாது. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன், உன் தயவில்.

நீபியா


டாகுவரெம்போ
செப்டம்பர் 13, 1998

அக்கா,

தாளைக் கொடுத்தேன். டான் எலாடியோ மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முத்திரையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "எழுதினது யாரு, ஒன் அக்காதான?" என்றார். ஆமாம் என்றேன். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்கு நம்பிக்கைதாம்ப்பா. ஆனா மாடு வாங்குறவன் நான் இல்லையே."

சாராயக் கடையில் சிரிலோ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறான்: "கால் நரம்ப எடுத்து மூஞ்சில வெச்சா அது ஊர் சுத்தாம வேற என்ன பண்ணும்?" மற்ற நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். நல்ல பேச்சுதான், அந்தப் பாவி வாயில் வந்துவிட்டது.

படம் வேண்டாம். என் ஊர்க்காரர்கள் முன்னால் சுவரில் என் கோணல் முகத்தை ஓட்ட விடமாட்டேன். அந்த ஞோக்கி மேஜையில் உட்கார்ந்திருந்தது மாதிரி இன்னொரு தடவை என்னால் உட்கார முடியாது. திருடன் என்ற பேரோடு இருந்தாலும் இருப்பேன்.

கண்ணாடிப் பயிற்சி செய்கிறேன். மெதுவாகப் பேசினால் கண் பாதிதான் மூடுகிறது. ஏல வேகத்தில் பேசினால் போயிற்று. மெதுவாகக் கூவுகிற ஏலக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? பட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். நாய்கூட என்னோடு நடப்பதை விட்டுவிட்டது.

யமாண்டு


மோண்டேவிடியோ
செப்டம்பர் 20, 1998

தம்பி,

அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா?

யோசித்துத்தான் கேட்கிறேன். இந்த வருஷம் நான் எழுதுகிற கட்டுரைக்கு அதுதான் முதுகெலும்பு, எலியில் பார்த்ததை மனிதனில் காட்டுகிற ஒரே சாட்சி. தாடிக்காரனுக்குத் தெரிந்தால் என் கழுத்தை நெரிப்பான். இருக்கட்டும். அது இங்கே அலமாரியில் இருக்கும்வரை நீ அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று தோன்றுகிறது. சரி என்று ஒரு வார்த்தை எழுது, அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

பெரிய சந்தைக்கு நான் வரட்டுமா என்று கேட்கவில்லை. வேண்டாம் என்பாய்.

நீபியா


டாகுவரெம்போ
அக்டோபர் 19, 1998

அக்கா,

அடுப்பில் போட்டுவிடாதே. இந்தக் கடிதம் வருவதற்குள் போட்டிருந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நேற்றைக்குப் பெரிய சந்தை. நான் போவதாகவே இல்லை. சுல்மா காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருந்தாள். "மேடைக்குப் போகவேணாம். சாப்பிடவாவது வாங்க. கறி சுடுறாங்க" என்றாள். போனேன். ஆட்கள் நான் நடந்த பக்கமெல்லாம் விலகினார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் பெரிய தீ போட்டு விலா எலும்பு சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டேன். இடக்கண்ணில் தண்ணீர் கொட்டியது, வழக்கம்போல.

சிரிலோ எதிரில் நின்றான். "என்ன, இப்ப அழுது காட்டுறியா?" என்றான்.

அந்த நிமிஷம்தான் அக்கா. பொறி தட்டியது. கையில் எலும்போடு கொட்டகைக்குள் போனேன். மருமகன் மேடையில் நின்றிருந்தான். ஏறினேன். "கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி" என்றேன். கொட்டகை நிறைந்திருந்தது, பிரேசில்காரர்கள்கூட வந்திருந்தார்கள். சிரிலோவை வளையத்துக்குள் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் வராமல் இருப்பானா, சண்டைக்கு என்று நினைத்து வந்தான்.

"சிரிலோ, என் இடக்கண்ணையே பாரு. நான் கறி திங்கிறேன்." ஒரு கடி கடித்தேன். கொட்டியது. "இப்ப நிறுத்துறேன்." விழுங்கினேன். நின்றது. "இப்ப மறுபடி திங்கிறேன்." கொட்டியது. வலது கண்ணை விரலால் காட்டினேன், காய்ந்து கிடந்தது. யாரோ பின்னாலிருந்து, "இன்னொரு கடி கடிங்க!" என்றார்கள். கடித்தேன். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. உன் ஞோக்கி மேஜையில் இரண்டு பேர் பார்த்ததற்குப் பேருந்து ஏறினவன் நான், இங்கே முந்நூறு பேர் பார்க்கிறார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்று நேற்றைக்கே புரிந்துவிட்டது. இந்தத் தடவை நானே காட்டினேன்.

"கறி தின்னா அழுவுற கண்ணு, வாய் பேசினா மூடும். ஒட்டின நரம்பு வழி தெரியாமப் போயிருச்சு. இது சிரிலோவப் பாத்தும் மூடும், செவுத்தப் பாத்தும் மூடும், எங்க மாமியாரப் பாத்தும் மூடும். இன்னையிலேர்ந்து இந்தக் கொட்டகையில என் இடக்கண்ணு செல்லாது. சிமிட்டுனா வலது கண்ணால சிமிட்டுவேன். அதுதான் கணக்கு."

சிரிலோ என் முகத்துக்குக் கிட்டே வந்தான். என் கையிலிருந்த எலும்பைப் பிடுங்கி, அவனே ஒரு கடி கடித்து, தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "எனக்கு வரல" என்றான். "ஆனா நான் காலை மூஞ்சில வெச்சுக்கலையே." அதோடு போய் உட்கார்ந்துவிட்டான். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தப் பரம்பரையிலேயே கிடையாது, அதற்குப் பதில் இதுதான்.

டான் எலாடியோ நல்ல மாடு எதையும் தரவில்லை. கடைசியில் வரும் கிழட்டுப் பசுக்கள், அவ்வளவுதான். விற்றேன். இடக்கண் அது பாட்டுக்கு ஊரெல்லாம் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தது, யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. எல்லார் பார்வையும் வலது கண் மேல். ஒரு பசுவுக்கு சிரிலோ தொப்பியைத் தொட்டான். வலது கண்ணால் சிமிட்டினேன். அவன் சாய்ந்து உட்கார்ந்தான். பசு அவனுக்குப் போனது. பல்லே இல்லாத பசு, அதுவும் இருக்கட்டும்.

எனக்குப் பேரும் வைத்துவிட்டார்கள். "ஒத்தக்கண்ணு." பிள்ளைகள் வரைக்கும் கூப்பிடுகிறார்கள். திருடனைவிட நல்ல பேர்.

இனி உன் விஷயம். 29ஆம் தேதி வருகிறேன், ஞோக்கி செய். தாடிக்காரனையும் கூப்பிடு. கேமராவை எடுத்து வை, எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள், தின்றுகொண்டே இருக்கிறேன். ஆனால் படத்தின் அடியில் எண் போடக் கூடாது. "யமாண்டு, ஏலம் கூவுகிறவர், டாகுவரெம்போ" என்று போடு. உங்கள் சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்வாய். அப்படியானால் காகிதத்தில் போட வேண்டாம், நீ மனசில் போட்டுக்கொள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. எல்லாரும் போன பிறகு டான் எலாடியோ சுத்தியலை என் கோட்டுப் பைக்குள் போட்டார். மேடைக்குச் சொந்தக்காரன்தான் அதை வீட்டுக்கு எடுத்துப் போவான், உனக்குத் தெரியும். "மழ வரும்போல இருக்கு, சீக்கிரம் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் சுல்மாவும் நடந்து வந்தோம். பாதி வழியில் அவள் என் முகத்தைப் பார்த்து, "இன்னும் என்னத்த மெல்லுறீங்க?" என்றாள்.

"ஒண்ணும் மெல்லலையே" என்றேன்.

நின்று, என் முகத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தாள். வலது கண்ணிலும் வந்துகொண்டிருந்தது அக்கா. அந்தப் பக்க நரம்பு அறுந்ததே இல்லை.

யமாண்டு